ஸ்பிளாஷ் மவுண்டன்: மூடப்பட்ட ஒரு ரைடும் அது சொல்லாமல் விட்ட கதையும்

நான் இதுவரை எந்தத் தீம் பார்க்குக்கும் போனதில்லை. ஆனால் ஸ்பிளாஷ் மவுண்டனில் ஒரு ஐம்பது தடவையாவது இறங்கியிருப்பேன். எல்லாம் யூடியூப்பில்தான். ஹொஸ்டலில் தூக்கம் வராத இரவுகளில் போனைக் கையில் எடுத்தால், யாரோ ஒரு அமெரிக்கர் நெஞ்சில் கமராவைக் கட்டிக்கொண்டு எடுத்த வீடியோ வந்து நிற்கும். மரக்குற்றி மாதிரி ஒரு படகு. இரண்டு பக்கமும் பாட்டுப் பாடுகிற பொம்மை விலங்குகள். இருட்டு. இரண்டு கழுகுகள் மேலே இருந்து பயமுறுத்தும். பிறகு வெளிச்சம், ஒரு அலறல், தண்ணீர். அவ்வளவுதான்.

ஒரு நாள் வீடியோவுக்குக் கீழே பார்த்தால், "இனி இது இல்லை" என்று ஆட்கள் அழாத குறையாக எழுதியிருந்தார்கள். புளோரிடாவில் இருந்த ஸ்பிளாஷ் மவுண்டன் 2023 ஜனவரி 22ஆம் திகதி கடைசியாக ஓடியது. கலிபோர்னியாவில் இருந்தது அதே வருடம் மே 30ஆம் திகதியோடு நின்றது. மூடுகிற நேரம் அந்த ரைடின் தண்ணீரைப் போத்தலில் பிடித்து இணையத்தில் விற்பனைக்குப் போட்ட ஆட்களும் இருந்தார்கள். குளோரின் போட்ட தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிற அளவுக்கு ஒரு பிரிவுத் துயரமா என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. அது ஏன் மூடப்பட்டது என்று தேடத் தொடங்கிய பிறகு சிரிப்புப் போய்விட்டது. ஒரு விளையாட்டுச் சாமானைத் தோண்டப் போனால் கீழே ஒரு பெருந்தோட்டம் இருந்தது.

டிராஃபிக்கில் பிறந்த மலை

மரக்குற்றிப் படகு ரைட் என்பது டிஸ்னி கண்டுபிடித்தது இல்லை. மலையில் வெட்டிய மரங்களைக் கீழே இருக்கிற ஆலைக்குக் கொண்டுபோக, மரம் வெட்டுகிறவர்கள் பலகையால் நீண்ட வாய்க்கால் கட்டி, அதில் தண்ணீரோடு மரத்தை அனுப்புவார்கள். அந்தத் தொழிலை விளையாட்டாக மாற்றி, ஏரோ டெவலப்மென்ட் என்ற நிறுவனம் 1963ல் டெக்சாசின் சிக்ஸ் ஃபிளாக்ஸ் பார்க்கில் முதல் நவீன மரக்குற்றி ரைடைக் கட்டியது. 1969ல் கலிபோர்னியாவின் நொட்ஸ் பெரி ஃபார்மிலும் ஒன்று வந்தது. அது டிஸ்னிலாண்டுக்கு மிகக் கிட்ட. பக்கத்துக் கடையில் நல்ல வியாபாரம் நடக்கும்போது பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா?

டிஸ்னிலாண்டில் அந்த நேரம் வேறு தலையிடிகளும் இருந்தன. பார்க்கின் ஒரு மூலையில் பெயார் கன்ட்ரி என்ற பகுதிக்கு ஆட்கள் அவ்வளவாகப் போவதில்லை. அமெரிக்கா சிங்ஸ் என்ற அரங்கில் நூறுக்கும் மேற்பட்ட பொம்மை விலங்குகள் 1974 முதல் பாடிக்கொண்டிருந்தன, ஆனால் பார்க்கத்தான் ஆட்கள் குறைந்துகொண்டு போனார்கள். இளம் வயசில் அதே பார்க்கில் ஐஸ்கிரீம் விற்று, பிறகு ரைட் வடிவமைப்பாளராக வளர்ந்தவர் டோனி பாக்ஸ்டர். பிக் தண்டர் மவுண்டன் ரைடின் பின்னால் இருந்தவரும் அவர்தான். 1983ல் ஒரு நாள் வேலைக்குப் போகிற வழியில் நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டபோது, இந்தப் பிரச்சினைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தீர்வு அவருக்குத் தோன்றியதாம். ஆளில்லாத மூலையில் ஒரு தண்ணீர் ரைட் கட்டுவோம், பழைய பொம்மைகளை அதற்குள் கொண்டுபோய் வைப்போம், டிஸ்னியின் பழைய படமான 'சோங் ஒஃப் த சவுத்'தின் கதையை வைத்து எல்லாவற்றையும் கோர்ப்போம்.

பொம்மைகள் அந்தக் கதைக்கு அப்படியே பொருந்தியதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்கா சிங்ஸின் விலங்குகளை வரைந்த மார்க் டேவிஸ்தான், 1940களில் அந்தப் படத்தின் முயலையும் நரியையும் கரடியையும் அசையவைத்த ஓவியர்களில் ஒருவர். ஒரே கை வரைந்த கோடு. எல்லாப் பொம்மைகளுக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. இரண்டு வாத்துகளின் தோலை உரித்து ஸ்டார் டூர்ஸ் ரைடின் வரிசையில் ரோபோக்களாக நிறுத்திவிட்டார்கள்.

முதலில் வைக்க நினைத்த பெயர் 'ஸிப்-அ-டீ ரிவர் ரன்'. அப்போது டிஸ்னியின் தலைவராக இருந்த மைக்கல் ஐஸ்னருக்கு அது பிடிக்கவில்லை. 1984ல் டிஸ்னியின் கிளை நிறுவனம் வெளியிட்டு நன்றாக ஓடிய 'ஸ்பிளாஷ்' என்ற கடற்கன்னிப் படத்தின் பெயரை வைக்கச் சொன்னார். கடற்கன்னிக்கும் முயலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. 1989 ஜூலையில் கலிபோர்னியாவில் திறந்தார்கள். 1992ல் புளோரிடாவிலும் டோக்கியோவிலும் ஒவ்வொன்று வந்தது.

இயங்குகிற விதம் எளிமையானது. பம்புகள் தண்ணீரை மேலே ஏற்றும். படகைப் பட்டி இழுத்துக்கொண்டுபோய் உச்சியில் விடும். அங்கிருந்து நீரோட்டமும் புவியீர்ப்பும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கடைசி இறக்கம் 50 அடிக்குக் கொஞ்சம் மேல், ஏறக்குறைய 45 பாகைச் சரிவு, மணிக்கு 40 மைல் வேகம். ஆனால் முழுப் பயணத்தில் அந்த இறக்கம் சில நொடிகள்தான். மற்ற நேரம் முழுக்கக் கதை. வீட்டை விட்டுப் புறப்படுகிற முயல், அதைப் பிடிக்கத் திரிகிற நரியும் கரடியும், சிரிப்புக் குகை, கடைசியில் பிடிபட்ட முயல். "என்னை என்ன வேணும்னாலும் செய், அந்த முள்ளுப் பத்தைக்குள்ள மட்டும் எறிஞ்சிடாத" என்று முயல் கெஞ்சும். நரி உடனே அங்கேயே எறியும். முயல் பிறந்து வளர்ந்ததே முள்ளுக்குள்தான். தப்பி ஓடிவிடும். நாங்கள் அலறிக்கொண்டு விழுகிற அந்த இறக்கம்தான் முயல் முள்ளுக்குள் விழுகிற இடம். ஒரு கதையின் திருப்பத்தை உடம்பால் உணர வைப்பது சின்ன விசயம் இல்லை. அந்த ரைடை ஆட்கள் இவ்வளவு நேசித்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ரைடில் இல்லாத இரண்டு பேர்

படத்தைத் தெரிந்தவர்களுக்கு ரைடில் இரண்டு பேர் இல்லை என்பது உடனே தெரியும்.

முதலாவது, தார்ப் பொம்மை. மூலக்கதையில் நரி தாரால் ஒரு பொம்மை செய்து வழியில் வைக்கும். முயல் வணக்கம் சொல்லும், பொம்மை பதில் சொல்லாது. கோபத்தில் முயல் ஒரு அடி போட, கை ஒட்டிக்கொள்ளும். மற்றக் கை, கால், மற்றக் கால், தலை என்று எல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் 'தார்ப் பொம்மை' என்ற சொல் கறுப்பினத்தவரை இழிவாகச் சொல்லவும் பாவிக்கப்பட்டதால், ரைடில் அதை எடுத்துவிட்டுத் தேன்கூட்டை வைத்தார்கள். முயல் தேனில் ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது, கதை சொல்கிறவர். படத்தில் இந்தக் கதைகளை எல்லாம் சொல்வது ரீமஸ் மாமா என்ற வயதான கறுப்பின மனிதர். ரைடில் அவர் எங்கேயும் இல்லை. புளோரிடாவில் அவருக்குப் பதிலாக ஒரு தவளை கதை சொன்னது. அதாவது 1989லேயே டிஸ்னிக்குத் தெரியும். எதை மறைக்க வேண்டும் என்று தெரிந்துதான் மறைத்தார்கள்.

அப்படி மறைக்க அந்தப் படத்தில் என்ன இருந்தது? 'சோங் ஒஃப் த சவுத்' 1946 நவம்பரில் ஜோர்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு பெருந்தோட்டம். அங்கே வருகிற ஒரு வெள்ளைக்காரச் சிறுவன். அவனுக்கு முயல் கதைகள் சொல்லித் தேற்றுகிற ரீமஸ் மாமா. நிஜ மனிதர்களும் கார்ட்டூன் விலங்குகளும் ஒரே சட்டத்தில் நடமாடுவது அன்று பெரிய தொழில்நுட்ப சாதனை. 'ஸிப்-அ-டீ-டூ-டா' பாட்டுக்கு ஒஸ்கார் கிடைத்தது.

ஆனால் படத்தில் வருகிற கறுப்பின மக்கள் எல்லாரும் பாடிக்கொண்டே வேலைக்குப் போகிறார்கள், பாடிக்கொண்டே வருகிறார்கள். கதை அடிமைமுறை ஒழிந்த பிறகு நடப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் எந்த வருடம் என்று படம் தெளிவாகச் சொல்வதில்லை. பார்க்கிறவருக்கு அது அடிமைக் காலமாகவே தெரியும், அதுவும் எல்லாரும் சந்தோசமாக இருந்த அடிமைக் காலமாக. கறுப்பின மக்களின் உரிமைக்கான பழைய அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் செயலாளர் வோல்டர் வைட் அப்போதே பத்திரிகைகளுக்குத் தந்தி அனுப்பினார். படத்தின் கலைத்திறனை ஒத்துக்கொண்டவர், அது அடிமைமுறையை ஆபத்தான விதத்தில் அழகாக்கிக் காட்டுகிறது என்றும் சொன்னார். நியூயோர்க்கில் தியேட்டருக்கு முன்னால் பதாகை பிடித்து மறியல் செய்தார்கள். "அந்தக் காலத்துல யாரும் இதைத் தப்பாப் பார்க்கல, இப்பதான் எல்லாரும் தூக்கிப் பிடிக்கிறாங்க" என்று சொல்கிறவர்களுக்கு இந்த 1946ஐத்தான் காட்ட வேண்டும். அன்றைக்கே பார்த்தார்கள், அன்றைக்கே சொன்னார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை.

ரீமஸ் மாமாவாக நடித்தவர் ஜேம்ஸ் பாஸ்கெட். நரிக்குக் குரல் கொடுத்ததும் அவர்தான். அட்லாண்டாவில் அப்போது நிறப்பிரிவினைச் சட்டம். தான் கதாநாயகனாக நடித்த படத்தின் முதற்காட்சிக் கொண்டாட்டங்களில் அவரால் மற்றவர்களோடு சமமாகக் கலந்துகொள்ள முடியவில்லை. அவர் போகவில்லை. 1948ல் அவருக்குச் சிறப்பு ஒஸ்கார் விருது கொடுத்தார்கள். ஒஸ்கார் பெற்ற முதல் கறுப்பின ஆண் நடிகர் அவர்தான். சில மாதங்களில் இறந்துபோனார். 44 வயது.

படத்தைத் திரும்பத் திரும்ப வெளியிட்டுச் சம்பாதித்த டிஸ்னி, 1986க்குப் பிறகு அமெரிக்கத் தியேட்டர்களில் அதைக் காட்டவில்லை. அங்கே வீடியோவாகவும் விற்கவில்லை. மூன்று வருடம் கழித்து அதே கதையை, கதை சொல்கிறவரைக் கழித்துவிட்டு, ரைடாகத் திறந்தார்கள்.

முயல் யாருடையது?

படத்துக்கு முன்னால் புத்தகம். 1880ல் வெளிவந்த ரீமஸ் மாமா கதைகளை எழுதியவர் ஜோயல் சான்ட்லர் ஹாரிஸ், அட்லாண்டாவில் வேலை செய்த ஒரு வெள்ளைக்காரப் பத்திரிகையாளர். ஜோர்ஜியாவின் ஈடன்டன் என்ற சின்ன ஊரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில், ஊருக்குப் பக்கத்தில் இருந்த டேர்ன்வோல்ட் என்ற தோட்டத்தில் நடந்த ஒரு பத்திரிகையின் அச்சுக்கூடத்தில் வேலை பழகப் போனார். வேலை முடிந்த பிறகு அவர் போய் உட்கார்ந்தது அடிமைகளின் குடிசைகளில். அங்கே வாழ்ந்த பெரியவர்களின் வாயிலிருந்துதான் இந்தக் கதைகளைக் கேட்டார்.

ஹாரிஸ் எழுதாமல் விட்டிருந்தால் இந்தக் கதைகளில் பல அழிந்திருக்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. அவர் கவனமாகக் கேட்டார், பேச்சுமொழியை எழுத்தில் பிடிக்கப் பார்த்தார். ஆனால் அந்தக் கதைகளைச் சுற்றி ஒரு சட்டம் அடித்தார். பழைய எசமான்கள் மேல் பாசம் மாறாத ஒரு கிழவர், அவர்களுடைய பிள்ளைக்குக் கதை சொல்கிறார். தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வதற்காக ஒரு மக்கள் வைத்திருந்த கதைகள் எசமானின் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தன.

அந்தக் கதைகளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முயலுக்குப் பல்லும் இல்லை, நகமும் இல்லை, பலமும் இல்லை. நரியும் கரடியும்தான் அதிகாரம். முயலுக்கு இருப்பது வாய் மட்டும். அந்த வாயை வைத்துத் திரும்பத் திரும்பத் தப்புகிறது, சில நேரம் பொய் சொல்லி, சில நேரம் களவெடுத்து. மேற்கு ஆபிரிக்காவின் தந்திர முயல் கதைகள், அனன்சி என்ற சிலந்தியின் கதைகள் எல்லாம் கப்பலின் அடித்தட்டில் சங்கிலியோடு வந்த மனிதர்களின் ஞாபகத்தில் அமெரிக்காவுக்கு வந்தவை. எசமானுக்கு முன்னால் நேராகச் சொல்ல முடியாததை முயலை வைத்துச் சொன்னார்கள். கேட்கிற எசமானுக்கு அது வெறும் விலங்குக் கதை. சொல்கிறவருக்கு வேறு கதை.

அதே ஈடன்டனில் 1944ல் பிறந்தவர் எழுத்தாளர் அலிஸ் வோக்கர். அந்தப் படம் ஊருக்கு வந்தபோது கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கப்பட்ட பகுதியில் இருந்து பார்த்த பிள்ளைகளில் அவரும் ஒருவர். அம்மாவும் அப்பாவும் வீட்டில் சொன்ன அதே கதைகள், திரையில் வந்தபோது தங்களுடையவையாக இல்லை. ஹாரிஸ் தன்னுடைய மரபில் ஒரு பகுதியைத் திருடிக்கொண்டார், அதைப் பார்த்துத் தனக்கே வெட்கம் வரும்படி செய்துவிட்டார் என்ற அர்த்தத்தில் அவர் பிறகு எழுதினார்.

தார்ப் பொம்மையின் பாதை இன்னும் நீளம். கதையின் வேர் எங்கே என்று தேடிய ஆய்வாளர்களில் சிலர் வந்து நின்றது பௌத்த இலக்கியத்தில். சம்யுத்த நிகாயத்தில் ஒரு குரங்கு வேடன் வைத்த பசையில் கைபோட்டு ஒட்டிக்கொள்ளும். அதை எடுக்க மற்றக் கை, பிறகு கால், மற்றக் கால், கடைசியில் வாய் என்று ஐந்து இடத்தில் மாட்டும். ஐந்து புலன்களுக்கு உவமையாகப் புத்தர் சொன்ன கதை. ஜாதகக் கதைகளில் ஐந்து ஆயுதம் வைத்திருக்கும் ஒரு இளவரசன், ஒட்டுகிற மயிர் கொண்ட ஒரு அரக்கனை அடித்து அடித்து உடம்பு முழுக்க ஒட்டிக்கொள்வான். ஆனாலும் பயப்படாமல் பேசியே தப்புவான். முயலும் அப்படித்தானே தப்புகிறது?

இது இந்தியாவிலிருந்து ஆபிரிக்கா வழியாக அமெரிக்காவுக்குப் போனது என்று ஒரு சாரார் வாதிட்டார்கள். அப்படி நிரூபிக்க முடியாது, பல இடங்களில் தனித்தனியாகப் பிறந்திருக்கலாம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். இந்த விவாதத்தில் நமக்குத் தெரிந்த ஒரு பெயரும் வருகிறது. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் வேலை செய்த காலத்தில், 1944ல் அமெரிக்க நாட்டார் வழக்காற்று ஆய்விதழில் இந்த 'ஒட்டிக்கொள்ளும்' கதைக்கூறு பற்றி ஒரு குறிப்பு எழுதினார். சர் முத்துக்குமாரசுவாமியின் மகன் தார்ப் பொம்மையைப் பற்றி எழுதி இரண்டு வருடத்தில் டிஸ்னியின் படம் வந்தது.

மூடியதும் மறைத்ததும்

2020 மே மாதம் மினியாபொலிஸ் நகரில் ஜோர்ஜ் ஃபிளொய்ட் பொலிஸ்காரரின் முழங்காலுக்குக் கீழே உயிரிழந்தார். அமெரிக்கா முழுக்க வீதியில் இறங்கியது. சிலைகள் விழுந்தன. ஸ்பிளாஷ் மவுண்டனை மாற்றச் சொல்லியும், மாற்றக்கூடாது என்றும் இணையத்தில் கையெழுத்துக்கள் சேர்ந்தன. ஜூன் 25ஆம் திகதி டிஸ்னி அறிவித்தது: ரைட் 2009ல் வந்த 'பிரின்சஸ் அன்ட் த ஃபுரோக்' படத்தின் கதைக்கு மாறும். அதற்கான வேலை முதல் வருடமே தொடங்கிவிட்டது என்றும் சொன்னார்கள்.

புதிய ரைடான டியானாஸ் பையு அட்வென்சர் 2024 ஜூனில் புளோரிடாவிலும் நவம்பரில் கலிபோர்னியாவிலும் திறந்தது. டியானா டிஸ்னியின் முதல் கறுப்பின இளவரசி. நியூ ஓர்லியன்ஸ் நகரில் பெயர்பெற்ற உணவகம் நடத்திய லியா சேஸ் என்ற பெண்மணி அந்தப் பாத்திரத்துக்கு ஒரு முன்மாதிரி. புதிய ரைடில் டியானா தொழிலாளர்களே உரிமையாளர்களாக இருக்கும் ஒரு உணவுக் கூட்டுறவை நடத்துகிறாள். அதே வாய்க்கால், அதே இறக்கம், அதே அலறல். கதை மட்டும் வேறு. டோக்கியோவில் பழைய முயல் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மூடியது சரிதான் என்பது என் கருத்து. யாரோ ஒருவரின் சின்ன வயசு ஞாபகத்துக்காக, இன்னொருவர் தன் பாட்டன் பூட்டனின் துயரத்தை வேடிக்கையாகப் பார்த்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் மூடிய விதத்தில் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. டம்போ, பீட்டர் பான் போன்ற பழைய படங்களில் இனவாதச் சித்திரிப்புகள் வந்தால், டிஸ்னி தன் தளத்தில் ஒரு எச்சரிக்கைக் குறிப்பைப் போட்டுவிட்டுப் படத்தைக் காட்டுகிறது. 'சோங் ஒஃப் த சவுத்'தை மட்டும் முழுதாகப் பூட்டி வைத்திருக்கிறது. பூட்டி வைத்தால் பிழை என்ன என்று புதிய தலைமுறைக்கு எப்படித் தெரியும்? முயலின் கதைகள் டிஸ்னியோடு சேர்ந்து கெட்ட பெயர் வாங்கி, அவற்றைப் படைத்த மக்களுக்கும் திரும்பப் போகாமல் நடுவில் நிற்கின்றன.

வேறு வழி இல்லாமல் இருக்கவில்லை. புளோரிடாவில் ஓர்லாண்டோவுக்குப் பக்கத்தில் ஈடன்வில் என்று ஒரு ஊர் இருக்கிறது. 1887ல் கறுப்பின மக்கள் தாங்களே நிறுவி, தாங்களே ஆண்ட ஊர். அங்கே வளர்ந்த சோரா நீல் ஹேர்ஸ்டன் மானிடவியல் படித்துவிட்டுத் திரும்ப அதே ஊருக்கு வந்து, கடை வாசலில் இருந்து ஆட்கள் சொன்ன கதைகளைத் தொகுத்து 1935ல் 'மியூல்ஸ் அன்ட் மென்' என்ற புத்தகமாகப் போட்டார். அதிலும் அந்த முயல் வருகிறது, எசமானை ஏமாற்றும் அடிமையான ஜோனும் வருகிறான். சொல்கிறவர்களும் கேட்கிறவர்களும் ஒரே மக்கள். டிஸ்னி வேர்ல்ட் இருப்பதும் அதே ஓர்லாண்டோவுக்குப் பக்கத்தில்தான். முயலைத் தேடி ஜோர்ஜியாவின் பெருந்தோட்டம் வரை போனவர்கள் காரில் கொஞ்சத் தூரம் போயிருந்தால் போதும்.

எங்கள் பக்கத்துப் படம்

இதையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தபோது எனக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது என் அம்மாயி. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் பழைய துரை பங்களா ஒன்று இப்போது சுற்றுலா விடுதி. அங்கே வருகிறவர்கள் சேலை கட்டி, கூடையைத் தலையில் மாட்டி, ஒரு மணித்தியாலம் கொழுந்து பறித்துப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். தேயிலைப் பெட்டியில் சிரிக்கிற பெண்ணை எல்லாருக்கும் தெரியும். அம்மாயியையும் ஒரு தடவை யாரோ படம் எடுத்தார்களாம். "சிரிக்கச் சொன்னாங்க புள்ள, சிரிச்சேன். அட்டை கால்ல ஏறிக்கிட்டு இருந்துச்சு" என்று சொன்னார்.

அமெரிக்க அடிமைமுறையும் மலையக மக்களின் வரலாறும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஒன்று இல்லை. ஆனால் பாடிக்கொண்டே வேலைக்குப் போகிற தொழிலாளியின் படம் யாருக்குத் தேவைப்படுகிறது என்ற கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஸ்பிளாஷ் மவுண்டன் மூடிய அதே 2023ல், மலையக மக்கள் இங்கே வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஆட்கள் நடந்தார்கள். அந்த நடையில் கேட்டதும் எங்கள் கதையை நாங்களே சொல்கிற உரிமையைத்தான்.

எங்களுக்கு ஒரு விதத்தில் அதிர்ஷ்டம் உண்டு. மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்த சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்தில் பிறந்தவர். அதனால் அந்தப் பாட்டுகளில் கங்காணியும் துரையும் பேச்சு வாங்குகிறார்கள். வெளியில் இருந்து வந்த யாராவது தொகுத்திருந்தால் அவை எங்களிடம் எப்படி வந்து சேர்ந்திருக்குமோ தெரியாது. ஆனால் அவர் தொகுத்தது பாட்டுகளை. அம்மாயிமார் சொன்ன கதைகளில் எத்தனையை நாங்கள் எழுதி வைத்திருக்கிறோம்?

போன விடுமுறையில் அம்மாயியிடம் முயல் கதை ஏதும் தெரியுமா என்று கேட்டேன். முயல் கதை தெரியாதாம். நரிக் கதை மூன்று தெரியும் என்றார். இரண்டைப் போனில் பதிவு செய்திருக்கிறேன். மூன்றாவதைச் சொல்லத் தொடங்கும்போது கரண்ட் போய்விட்டது, அவருக்கும் தூக்கம் வந்துவிட்டது. அடுத்த விடுமுறைக்கு அதை வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள்.